பக்கத்துக் கட்டில்

மார்ச் 4

பெரிய வீட்டு மகாராணிக்கு,

அடுத்த வீட்டு வாயாடி ஓரகத்தி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "கால் ஒடிஞ்சு கிடக்கிறவளைக் கேக்குற கேள்வியாடி இது?" என்று அங்கிருந்தே தலையணையை வீசுவீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

வண்டியில் ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே அக்கா, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இறங்கியது. கொஞ்சம் மெதுவாக இறங்கியது. ஆனாலும் கேட்கிறேன், நானா உங்களைத் துரத்தினேன்? படியில் உருண்டது நீங்கள். "வீட்ல யார் தூக்கி உக்கார வைப்பாங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியது நான். அந்த நகராட்சி மேடம்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். எந்நேரமும் சிரிக்கிறாளே, அவளுக்குச் சிரிப்பு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். "உங்க மன்றமும் எங்க நகராட்சியும் சேர்ந்து நடத்துற இல்லம் இருக்கும்போது நீங்க எதுக்கும்மா இடுப்பை ஒடிச்சுக்கணும்? ரெண்டு வாரம்தானே" என்றாள். நம் மன்றம் நடத்துகிற இல்லம் என்றதும் எனக்குத் தலை கால் புரியவில்லை.

பெருமை வராதா அக்கா? நம் தெருப் பெண்கள் மன்றம் தொடங்கியபோது என்ன இருந்தது? ஒரு பலகை, அதில் ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. தனியாக இருக்கிறவர்கள் மாற்றுச் சாவியைத் தந்துவைப்பார்கள். காலையில் நம்மில் ஒருத்தி போய்க் கதவைத் தட்டுவாள். குரல் வரவில்லை என்றால் திறந்து பார்ப்பாள். அவ்வளவுதான் நம் தொண்டு. நீங்களும் தந்தீர்கள், புருஷன் போனபிறகு நானும் தந்தேன். இன்றைக்கு நகராட்சி நமக்கு நீலக் கோட்டு தந்திருக்கிறது, வண்டி தந்திருக்கிறது. சாவிப் பலகையைத் தங்கள் ஆபீஸிலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கோப்பை ஜெயித்த மாதிரி இருக்கிறது பார்ப்பதற்கு.

ஒரு விஷயம். உங்கள் வீடு பூட்டிக் கிடந்தால் எலி குடித்தனம் நடத்தும். நீங்கள் வரும்வரை முன்னறையில் மன்றக் கூட்டம் வைத்துக்கொள்ளட்டுமா என்று மேடம் கேட்கிறாள். நான் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சிரிக்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். முந்தாநாள் குளியலறையில் விழுந்தேன். சோப்பில் கால் வைத்து, அரண்மனை நாட்டியக்காரி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். வாளிக்குள்ளிருந்தே "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். நீங்கள்தான் ஊரில் இல்லையே!

உங்கள் சின்னவள்

---

மார்ச் 19

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இங்கு நலம். இல்லத்தில் அனைவரும் மிகுந்த அன்புடன் கவனித்துக்கொள்கிறார்கள். உணவு சத்தானது. சூழல் அமைதியானது.

அடியே, உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை இருப்பதால் என்னால் வாசிக்க முடியாதென்று, தொண்டு செய்ய வரும் கண்ணாடிக்கார அம்மா ஒருத்தி வாசித்துக் காட்டுகிறாள். நான் சொல்வதை அவளே எழுதுகிறாள். நல்ல பொறுமைசாலி.

நீ கையைத் தூக்கியது எனக்குத் தெரியும். இறக்கியதும் தெரியும். கட்டிலில் கிடந்தாலும் கண் முழுதாக அவிந்துவிடவில்லை.

முன்னறையை எடுத்துக்கொள்ளச் சொல். அதற்கான தாளில் என்னிடம் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன், இது போதும் என்றார்கள். உள்ளறைக்குள் யாரும் போகக்கூடாது. அவர் படத்தைக் கழற்றக்கூடாது.

நீ வாளியைக் கவிழ்த்துக்கொண்ட கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். வாசித்த அம்மாவும் சிரித்தாள். எந்தத் தேதி, பக்கத்தில் யாரும் இல்லையா, இதற்கு முன் விழுந்ததுண்டா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தாள். அவள் பிழைக்கத் தெரியாதவள், எப்போதும் இப்படித்தான் விழுந்து வாருவாள் என்றேன்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கோல் ஊன்றி ஜன்னல்வரை போகிறேன். என் போனைக் கேட்டேன். ஆபீஸில் சார்ஜில் இருக்கிறதாம்.

தங்கள் நலம் நாடும்,
மூத்தவள்

---

ஏப்ரல் 6

"தங்கள் நலம் நாடும்" அக்காவுக்கு,

அடேயப்பா! முப்பது வருஷம் என்னைக் கழுதை, குரங்கு தவிர வேறு எதுவும் சொல்லாத வாயிலிருந்து "அன்புள்ள சகோதரி"யா? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வீடு மாறி வந்துவிட்டதோ என்று. கண்ணாடிக்கார அம்மாவுக்கு என் வணக்கம். கொஞ்சம் கழுதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள்தான் என்று நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது.

உங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கதவுக்கு நீலம். வாசலில் பெரிய பலகை, ஒரு ஓரம் நகராட்சி முத்திரை, மறு ஓரம் நம் மன்றத்து முத்திரை, நடுவில் "கூட்டுப் பணி மையம்". தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். தற்காலிகத்துக்கு எதற்கு நாலு போல்ட்டு என்று கேட்டேன். "காத்து அடிக்கும்ல" என்றாள் சிரிப்பு மேடம். உள்ளறையில் இப்போது நாற்காலிகள் இருக்கின்றன. அண்ணன் படத்தை நான் என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். கோபிக்காதீர்கள், என் புருஷனுக்குப் பக்கத்தில்தான். இரண்டு பேரும் உயிரோடு இருந்தபோது பேசாததை எல்லாம் இப்போது பேசிக்கொள்ளட்டும்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "அதை உங்க மன்றம்தான் எழுதிக் கொடுக்கணும்" என்றாள் மேடம். மன்றத்துச் செயலாளரிடம் போனேன். "நாம எப்படிம்மா எழுதுறது? அவங்க டாக்டர் சொல்லணும்" என்றாள். டாக்டர், கூட்டுக் குழு சொல்லட்டும் என்கிறார். கூட்டுக் குழுவில் யார் என்றால், அதே மேடம், அதே செயலாளர். எனக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு குடம் தூக்கினால் குடம் யார் கையிலும் இல்லை போலிருக்கிறது.

மூலை வீட்டுக் கடிகாரக்காரரும் அங்கே வந்திருப்பாரே, பார்த்தீர்களா? இருமலுக்கு இரண்டு வாரம் என்று கூட்டிப்போனார்கள். அவர் கதவுக்கும் நீலம் அடித்துவிட்டார்கள்.

இங்கே நானும் கிழடு தட்டிப்போனேன் அக்கா. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரியோடு வம்பளக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் புகை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "இது யார் வீடு, இப்படிப் புகையுது?" என்று என் வீட்டு வாசலிலேயே நின்று எல்லாரையும் கேட்டேன்! தெருவே சிரித்தது.

சீக்கிரம் வாருங்கள். சுவரைத் தட்டினால் திருப்பித் தட்ட ஆள் இல்லை.

கழுதை

---

ஏப்ரல் 22

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லத்தின் சேவை நாளுக்கு நாள் மேம்பட்டு வருகிறது. மாலையில் அனைவருக்கும் ஒரு மாத்திரை தருகிறார்கள். அதனால் அமைதியான உறக்கம் கிடைக்கிறது. கடிகாரக்காரர் பகலிலும் நன்றாக உறங்குகிறார். அவரை எழுப்புவதில்லை.

நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கூட்டுக் குழுவிடம் கேட்டேன். குழுவினர் பொறுமையாகக் கேட்டார்கள். தனியாக விட முடியாது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். ஆள் இருக்கிறாள், ஒரே சுவர்தான் நடுவில், என் கொழுந்தன் பெண்டாட்டி என்றேன். மேடம் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "அவங்களையே ஒருத்தர் பார்த்துக்கணுமேம்மா" என்றாள். நீ குளியலறையில் அரை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தாயாம். அடுப்பை அணைக்க மறந்தாயாம். சொந்த வீட்டையே அடையாளம் தெரியாமல் தெருவில் நின்றாயாம். எல்லாம் தேதியோடு சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதெல்லாம் அவள் கேலிக்கு எழுதுவது என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீ கெட்டதோடு நிற்காமல் என்னையும் கெடுத்துவிட்டாய். என்னைச் சிரிக்க வைக்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதார்கள்? இனி எனக்கு எதுவும் எழுதாதே.

தங்கள் நலம் நாடும்,
மூத்தவள்

---

மே 3

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

இது தபாலில் வரவில்லை. இல்லத்துத் துணிகளை வெளுக்கிற சலவைக்காரர் நம் அடுத்த தெருதான். வியாழன் காலை அவர் வண்டி அங்கே வரும். போர்வை மாற்றும்போது உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுவார். கண்ணாடிக்காரி எதிரில் வாயைத் திறக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் முதலில் அவள் காதுக்குத்தான் போயிருக்கிறது.

அன்றைக்கே ஆபீஸுக்கு ஓடினேன்.

"நான் விழவே இல்லைங்க. கால் லேசா வழுக்குச்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டேன். அக்காவைச் சிரிக்க வைக்கத்தான் ஊதி ஊதிப் பெருசாக்கினேன்."

"விழுந்தவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றாள் மேடம், சிரிப்பு மாறாமல்.

"அரண்மனை நாட்டியக்காரி மாதிரி சுத்தினேன்னு எழுதியிருக்கேன். என் இடுப்பைப் பாருங்க. இது சுத்துற இடுப்பா?"

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். எதையோ எழுதிக்கொண்டாள்.

"நடக்காததை நடந்த மாதிரி சொல்றது எப்போலேருந்து இருக்கும்மா?"

"பொறந்ததுலேருந்து."

அதையும் எழுதிக்கொண்டாள். எனக்கு ஐம்பத்தைந்து வயதுதான் என்றேன். "சின்ன வயசுலேயே வந்துடுது சில பேருக்கு" என்று என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அக்கா, பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள். யார் கைக்கும் நான் இப்படி நடுங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேன். தெரியாதல்லவா உங்களுக்கு? வாசல் காவல்காரன் விடவில்லை. மன்றம் கையெழுத்துப் போட்டு நகராட்சி முத்திரை வைத்த சீட்டு வேண்டுமாம். "நான்தாம்பா மன்றம்" என்றேன். "அப்ப உங்க கையெழுத்தை நீங்களே வாங்கிட்டு வாங்க" என்றான். செயலாளரிடம் கேட்டேன். முன்பெல்லாம் என் தோளில் கை போட்டுப் பேசுவாள். இப்போது நாலடி தள்ளி நின்று, "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்" என்கிறாள். காலையில் கதவு தட்டும் வேலையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். அதுமட்டுமா, நேற்று என் கதவை ஒருத்தி தட்டினாள்! நான் குரல் கொடுப்பதற்குள் சாவி பூட்டுக்குள் நுழைந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஒருத்தன் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, "இது ஒத்தைக் கல்லுதான். எடுத்துட்டா நல்ல ஹால் வரும்" என்றான். "அந்தப் பக்கம் ஆள் இருக்கே?" என்றான் மற்றவன். "இருக்கு, இப்போதைக்கு."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் அக்கா. முன்னறையைக் கேட்டு எழுதியவள் நான். நீங்கள் எத்தனை திட்டினாலும் தகும். ஆனால் எப்படி உங்களை வெளியே கொண்டுவருவது என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

சின்னவள்

---

மே 10

அடியே கழுதை,

இது சலவைக்காரர் கை எழுத்து. வாய் என்னுடையது. போர்வைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்கிறேன். வேகமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. நீ எழுதாதே என்று நான் சொல்லவே இல்லை. திட்டினேன், அது நிஜம். நுணல் என்றேன், அதுவும் நிஜம். கடைசி வரி நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு தபாலில் நீ எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை.

மாத்திரையை நான் இப்போது நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிடுகிறேன். அதனால்தான் இவ்வளவு பேச முடிகிறது. விழுங்கிய நாட்களில் எனக்கு உன் முகம்கூடச் சரியாக நினைவு வராது. கடிகாரக்காரரைப் போன வாரம் வேறு அறைக்கு மாற்றினார்கள். எந்த அறை என்று கேட்டால், "நல்ல அறை" என்கிறார்கள். அவர் போர்வை சலவைக்கு வரவில்லை என்று இவர் சொல்கிறார்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். குழு என்னை விடாது என்று தெரிந்த அன்றைக்கு, உன் மேல் கோபமாக இருந்தேன். கோபமா, ஏக்கமா, எனக்கே தெரியவில்லை. கண்ணாடிக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க ஓரகத்தி இங்கேயே உங்க பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்ல?" என்றாள். நல்லாருக்கும் என்றேன். சுவரைத் தட்டினால் திருப்பித் தட்டுவாளே என்றேன். அவள் ஒரு தாளை நீட்டினாள். "அவங்களுக்குக் குடும்பத்துல பெரியவங்க நீங்கதானே?" என்றாள். கைநாட்டு வைத்தேன். என்ன தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. உன் மகனிடமும் போனில் பேசிவிட்டார்களாம். கடல் தாண்டி இருக்கிறவன், "அம்மாவைப் பார்த்துக்க ஆள் கிடைச்சா சந்தோஷம்தான்" என்றானாம்.

நேற்று என் பக்கத்துக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார்கள். யாருக்கு என்றேன். "உங்க ஆசைப்படிதான்" என்றார்கள்.

வராதே. வீட்டில் இராதே. பூட்டை மாற்றினால் உடைப்பார்கள், அதற்கும் ஒரு காரணம் எழுதிக்கொள்வார்கள். மகனிடம் போ, எதிர்வீட்டில் ஒளிந்துகொள், எங்கேயாவது போ. எனக்கு வயதாகிவிட்டது. உனக்கு இன்னும் வம்பளக்க நிறைய நாள் இருக்கிறது.

மூத்தவள்

---

மே 14

அக்கா,

வண்டி வாசலில் நிற்கிறது. வந்தவர்கள் உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். துணி எடுத்துவைக்க நேரம் கேட்டிருக்கிறேன். துணிக்குப் பதில் இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஓடியிருக்கலாம். பையைக்கூடக் கட்டினேன். மகனுக்குப் போன் போட்டேன். "அம்மா, பயப்படாதே, எல்லாம் பேசிட்டேன், இலவசமா பார்த்துக்கறாங்க, நீ ஏன் அடம் பிடிக்கறே?" என்றான். நான் பதிலுக்கு ஏதோ கேலியாகச் சொன்னேன். உடனே அவன் குரல் மாறிவிட்டது, "இப்படித்தான் பேசறீங்கன்னு அவங்களும் சொன்னாங்க" என்றான். போனை வைத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறக்கவில்லை. அவளும் நீலக் கோட்டு வாங்கியிருக்கிறாள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். உங்களைப் பார்க்க வருகிறேன் என்றால் வாசலில் சீட்டுக் கேட்கிறார்கள். விழுந்தவள் என்றால் வண்டி அனுப்பி, கதவைத் திறந்து, உங்கள் பக்கத்திலேயே படுக்கவைக்கிறார்கள். உள்ளே வர எனக்கு வேறு வழி இல்லை அக்கா. அதனால் ஓடவில்லை. நீங்கள் வராதே என்றீர்கள். நான் உங்கள் பேச்சைக் கேட்ட வரலாறு உண்டா?

கைநாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். என் வாய், உங்கள் விரல். கணக்குச் சரியாகிவிட்டது. அதோடு விட்டுவிடுங்கள்.

திட்டம் இதுதான். மாத்திரையை நானும் துப்புகிறேன். வியாழன் காலை சலவை வண்டி வரும்போது பின்கதவு திறந்திருக்கும். மூட்டை ஏற்றும்வரை காவல்காரன் முன்பக்கம்தான் இருப்பான். நீங்கள் கோலை ஊன்றுங்கள், மிச்சத்தை என் தோளில் ஊன்றுங்கள். எங்கே போவது என்று கேட்காதீர்கள். பின்கதவுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

இதை உங்களிடம் சேர்க்கத்தான் காலையிலிருந்து சலவைக்காரருக்காகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. இப்போது வண்டிக்காரனிடம் மெதுவாக விசாரித்தேன். "அவரை நிறுத்தியாச்சும்மா. துணி வெளுக்கறதை இனிமே வேற சங்கத்தோட சேர்ந்து பண்றாங்க" என்றான். வியாழன் வருமா, பின்கதவு திறக்குமா, எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்காரி வண்டியிலிருந்து இறங்கி என் வாசலில் நிற்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். "அக்காவுக்கா? குடுங்க, நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்று கையை நீட்டுகிறாள். வீட்டுக் கணக்கு என்று சொல்லியிருக்கிறேன். நம்பின மாதிரி தலையாட்டுகிறாள். கையை மட்டும் இன்னும் மடக்கவில்லை.

யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு நானே கொண்டுவருகிறேன். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு நானே உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். என் எழுத்தே எனக்குப் பாதி விளங்காது. தப்புத் தப்பாகத்தான் வரும். எது வந்தாலும் சிரித்துவிடாதீர்கள் அக்கா. சிரித்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.